செட்டிநாட்டு வீடுகளில் பிரஷர் வாஷர்: எந்த இடத்துக்கு எந்தக் கரைசல்?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம், தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் வாங்குகிறவர்கள், எந்தக் கறைக்கு எந்தக் கரைசலை ஊற்றலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கறை எதன்மேல் படிந்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒரே பாசி கருங்கல் படியிலும் படரும், சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரிலும் படரும். ஆனால் கருங்கல் தாங்கிக்கொள்ளும் கரைசலைச் சுண்ணாம்பு தாங்காது.

கழிவறை கழுவுவதற்கென்று கடைகளில் விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவே இருக்கும். நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தும், பட்டாலையில் (கூடத்தில்) பதித்த இத்தாலியச் சலவைக்கல்லும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதால், ஆசிட் பட்ட உடனே நுரைத்துக் கரையத் தொடங்கும். அந்த நுரையைக் கண்டு அழுக்குப் போகிறது என்று பலர் நம்புகிறார்கள். கரைந்து போவது சுவரும் தரையும்தான். ஆத்தங்குடிக் கல்லும் இதற்கு விலக்கல்ல. அது சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் வார்த்தெடுப்பது. மேலே காப்பாக எந்தப் பூச்சும் இல்லாததால், அந்த வழவழப்பை அமிலம் ஒருமுறை அரித்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். எலுமிச்சை, வினிகர் சேர்ந்தவை என்று விற்கப்படும் திரவங்களும் அமிலமே என்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுவருக்கும், பர்மா தேக்குத் தூண்களுக்கும் இந்த இயந்திரத்தையே கொண்டுசெல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றுக்குப் பிழிந்த ஈரத்துணி போதும். ஆத்தங்குடித் தரைக்கும் மென்மையான சோப்புத் தண்ணீரும் துடைப்பானுமே ஏற்றவை.

முற்றத்துக் கருங்கல், வாசல் சிமெண்ட் தளம், சுற்றுச்சுவர், வண்டிகள் ஆகியவையே பிரஷர் வாஷருக்கு உரிய இடங்கள். அன்றாடத் தூசிக்கும் வண்டிக்கும் அமிலமும் காரமும் இல்லாத, பிஎச் 7-ஐ ஒட்டிய ஷாம்பு நல்லது. வண்டி நிறுத்துமிடத்து எண்ணெய்க் கறைக்குக் காரத்தன்மை உள்ள திரவம் வேண்டும். அது அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும் என்பதால் சக்கரங்களிலும் கதவுச் சட்டங்களிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிமெண்ட் தளத்துப் பாசிக்கு, 4 அல்லது 5 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்தலாம். இதை இயந்திரத்தின் வழியாகச் செலுத்தினால் பம்பின் ரப்பர் வளையங்களும் உலோகப் பகுதிகளும் கெடும். பிளீச்சிங் பவுடரின் கரையாத கசடோ, தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலை அடைத்துவிடும். ஆகவே இவற்றைக் கைத்தெளிப்பானால் தெளித்துவிட்டு, இயந்திரத்தை அலசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஹைப்போகுளோரைட்டும் ஆசிட்டும் ஒன்று சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை ஊற்றிய தளத்தில் அடுத்ததை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

இயந்திரத்துக்குள் ஊற்றுவது, பிரஷர் வாஷருக்கு உரியது என்று புட்டியில் குறிப்பிட்ட திரவமாகவே இருக்கட்டும். பாத்திரம் கழுவும் கெட்டியான திரவம் உறிஞ்சு குழாயில் தேங்கிவிடும். உறிஞ்சு குழாய் உள்ள பல இயந்திரங்களில், அகன்ற வாயுள்ள சோப்பு நாசிலை (பெரும்பாலும் கறுப்பு நிறம்) மாட்டி அழுத்தம் குறைந்தால்தான் திரவம் ஏறும். திரவம் வரவில்லை என்றால் பழுது என்று எண்ணுமுன் நாசிலைப் பாருங்கள்.

முதலில் வெறும் தண்ணீரால் தளத்தையும் அருகிலுள்ள செடிகளையும் நனைக்க வேண்டும். சுவரில் கரைசலைக் கீழிருந்து மேலாகத் தெளித்தால் வழிந்த கோடுகள் விழுவதைத் தவிர்க்கலாம். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிடலாம். ஆனால் காயவிடக் கூடாது. நம் வெயிலில் சூடேறிய கல்லில் அது நொடியில் காய்ந்து திட்டாகப் படியும் என்பதால் அதிகாலையே தகுந்த நேரம். பிறகு நீரை 40 பாகை விரித்துப் பீய்ச்சும் வெள்ளை நாசிலை மாட்டி மேலிருந்து கீழாக அலச வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு சரியாக நுரைக்காது, காய்ந்தபின் வெள்ளைப் புள்ளிகளும் தங்கும். அப்போது ஷாம்புவை இன்னும் ஊற்றுவதைவிட, கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீரைப் பயன்படுத்தித் துணியால் துடைப்பதே பயன் தரும்.

முற்றத்தில் விழும் மழைநீரைக் கிணற்றுக்கோ ஊருணிக்கோ கொண்டுசெல்லும் குழாய் உங்கள் வீட்டில் இருந்தால், தொடங்குமுன் அதன் வாயை அடைத்து, கழுவிய நீரை வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். தளத்தை நன்றாக அலசிய பின்னரே அடைப்பை எடுக்கலாம். வேலை முடிந்ததும் உறிஞ்சு குழாயை நல்ல தண்ணீரில் இட்டு, நுரை நிற்கும்வரை இயந்திரத்தை ஓட்டி, மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தியபின், தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி, உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு எடுத்து வைக்கலாம்.