சரிவான கொல்லைப்புறத்தைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதர் மண்டிக் கிடக்கும் சரிவைத் திருத்த நினைக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, ஒரே நாளில் அத்தனையையும் வெட்டித் தள்ளிவிட வேண்டும் என்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். மாலையில் வெறும் மண் தெரிந்தபோது பாதி வேலை முடிந்துவிட்ட நிறைவு. பத்து நாள் கழித்து ஒரு மழை பெய்தது. மேட்டிலிருந்த கறுத்த மேல்மண் கொல்லைக் கதவுவரை வந்து சேறாகப் படிந்தது; சரிவெங்கும் விரல் புதையும் ஆழத்துக்கு அரிப்புக் கோடுகள். அதுவரை மண்ணைப் பிடித்து வைத்திருந்தவை நான் வெட்டி எறிந்த புதர்களின் வேர்கள்தாம்.

ஆகவே செடிகளைத் தரைமட்டத்தில் அறுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். சரிவுக்குக் குறுக்காக ஒரு பட்டையை வெட்டி, அடுத்த பட்டையை அப்படியே விட்டுவைத்து, வெட்டிய இடத்தில் தழையை மூடாக்காகப் பரப்புங்கள். கோரை இருக்கும் இடத்தில் மண்ணைக் கிளறவே வேண்டாம். கிளறக் கிளற அதன் கிழங்குகள் சிதறி, ஒன்று பத்தாக முளைக்கும். புதருக்குள் கை வைக்குமுன் நீண்ட கம்பால் தட்டிப் பாருங்கள். கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணி கட்டாயம்.

அடுத்த தவறு, ஒரு மழையைக்கூடப் பார்க்காமல் வரைபடம் போடுவது. குடையை எடுத்துக்கொண்டு சரிவின் ஓரமாக நில்லுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலை வழியாக வெளியேறுகிறது என்று பார்த்து முளைக்குச்சி அடித்து வையுங்கள். அந்த வழியை மறித்து எதைக் கட்டினாலும் தண்ணீர் வேறு வழி தேடும். அது உங்கள் வீட்டுச் சுவராகவோ கீழே இருப்பவரின் நிலமாகவோ இருக்கலாம்.

சரிவைக் கண்ணால் அளப்பதும் ஏமாற்றிவிடும். மேட்டில் ஒரு முளை, பள்ளத்தில் நெடிய கம்பு, இடையே நூல், நூல் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க அதில் ரசமட்டம்: இவ்வளவு போதும். பத்து மீட்டர் நீளத்தில் இரண்டு மீட்டர் இறக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிப்புறப் படிகளுக்கு 12 முதல் 15 செ.மீ. உயரம் கால்களுக்கு இதமானது. அப்படியானால் பதினான்கு உயரங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 செ.மீ. மிதிக்கும் அகலம் 35 செ.மீ. என்றால், நேராகப் போகும் படிக்கட்டு மட்டும் நாலரை மீட்டரை விழுங்கிவிடும். பலர் அமரும் தளத்தையெல்லாம் வரைந்து முடித்த பிறகுதான் படியை நினைக்கிறார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் செங்குத்தான படி அமைகிறது. வயதானவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. எல்லாப் படிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இரண்டு செ.மீ. கூடினாலும் கால் இடறும்.

இனி, மேட்டு மண் சரியாமல் தாங்கி நிற்கும் தாங்குசுவர். பணமும் உழைப்பும் அதிகம் வீணாவது இதில்தான். ஒரு கன மீட்டர் மண் நனைந்தால் ஏறக்குறைய இரண்டு டன் எடை. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் அதோடு சேர்ந்துகொள்கிறது. நீர் வெளியேற ஒரு துளைகூட விடாமல் கட்டிய கல்சுவர் ஒன்றை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். நடுப்பகுதி வயிறு தள்ளியிருந்தது. மழை நின்று மூன்று நாளாகியும் கல்லிடுக்குச் சாந்து கைக்குச் சில்லென்று ஈரமாக இருந்தது; அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்தச் சுவரைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சுவரின் அடிவரிசை தரைக்குள் புதைந்திருக்க வேண்டும். முகம் சற்றே மேட்டுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டும் துணி, அடியில் துளையிட்ட குழாய், முகத்தில் நீர் வடியும் துளைகள். துணியை விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் நுண்மண் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும். இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரே சுவர் எழுப்புவதைவிட, ஒரு மீட்டர் அளவில் இரண்டாகப் பிரிப்பதையே நான் சொல்வேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே, கீழ்ச்சுவர் உயரத்தைப் போல இரு மடங்கு இடைவெளியாவது வேண்டும். நெருக்கிக் கட்டினால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் மேல் இறங்கும். ஒரு மீட்டரைத் தாண்டும் எந்தச் சுவருக்கும் பொறியாளரைக் கேளுங்கள். பல இடங்களில் அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பி, உடனே அதன்மேல் தளம் போடுவது அடுத்த பிழை. வெட்டிய பக்கம் அசையாது, கொட்டிய பக்கம் இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கோடு கிழித்தாற்போல விரிசல் விழும். நிரப்பும் மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, இலேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். கூடுமானவரை இருக்கைத் தளத்தை வெட்டிய பக்கத்திலும் செடிகளைக் கொட்டிய பக்கத்திலும் வையுங்கள். வெட்டும்போது வரும் மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்தால் செடிகளுக்கு ஆகும்.

தளம் முழு மட்டமாக இருந்தால் நீர் நிற்கும். மூன்று மீட்டருக்கு ஆறு செ.மீ. இறங்கும் வாட்டம் வேண்டும், அதுவும் வீட்டிலிருந்து விலகிப் போகுமாறு. எஞ்சிய மண்ணை வீட்டுச் சுவரோரமோ மரத்தடியிலோ குவிக்காதீர்கள். சுவரில் ஈரமும் கறையானும் ஏறும். தண்டு புதைந்த மரம் மெல்லப் பட்டுப்போகும்.

சரிவு முழுவதையும் மட்டமாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டு, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழ, மூன்றுக்கு மூன்று மீட்டர் போதும். மீதியைச் சரிவாகவே விட்டு, குறுக்கு வரிசைகளாக வெட்டிவேர் நடலாம். தமிழிலிருந்து போன அந்தப் பெயராலேயே பல நாடுகளிலும் வழங்கும் அந்தப் புல்லின் வேர், நல்ல மண்ணில் மூன்று மீட்டர்வரை நேர்கீழாக இறங்கும்.

கல் வாங்குவதற்கு முன் ஒரு நாற்காலியை மட்டும் தூக்கிப்போய், காலையிலும் நடுப்பகலிலும் மாலையிலும் சரிவின் வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்து பாருங்கள். கதவருகில்தான் தளம் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். மாலை ஐந்து மணிக்கு அங்கே முகத்தில் வெயில் அடித்தது. பன்னிரண்டு அடி மேலே, பழைய மரத்தின் நிழலில் காற்று வந்துகொண்டிருந்தது. தளம் இப்போது அங்கேதான் இருக்கிறது.