சி ட்ரைவ் நிரம்பிய இரவு

போன மாதம் ஹட்டனில் மழை விடாமல் அடித்த ஒரு ராத்திரி. சாதாரண தரப் பிள்ளைகளின் வினாத்தாளை டைப் பண்ணி முடித்தால், சேவ் ஆகவில்லை. கம்ப்யூட்டரின் சி ட்ரைவில் இடம் நிரம்பி, அதைக் காட்டும் கோடு சிவந்து கிடந்தது.

"விண்டோஸ் போல்டர்ல பெரிசா இருக்கிறத அழிச்சிருங்க சேர்" என்றான் பக்கத்து லயத்துத் தம்பி. நான் விடவில்லை. அதில் கை வைத்தால் கம்ப்யூட்டரே எழும்பாமல் போகலாம்.

முதலில் வினாத்தாள்களை பென் ட்ரைவில் ஏற்றினேன். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ். அங்கே பழைய விண்டோஸ் மட்டும் 18 ஜிபி! அப்டேட்டுக்குப் பின் திரும்பிப் போவதற்காக வழக்கமாக 10 நாள் வைத்திருப்பது அது. அழித்தால் திரும்ப வழியில்லை. எனக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியதால் டிக் போட்டேன்.

அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி வரும். தயவுசெய்து அதில் டிக் விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். பிள்ளைகள் அனுப்பிய விடைத்தாள் படமெல்லாம் எனக்கு அதற்குள்தான். இங்கிருந்து அழிந்தது ரீசைக்கிள் பின்னுக்கும் வராது.

பார்த்துவிட்டு ரிமூவ் பைல்ஸை அழுத்தினேன். பத்து நிமிஷத்தில் கோடு நீலமானது. வினாத்தாளும் சேவ் ஆனது.