கிலோமீட்டர் கூடியும் வேகம் கூடவில்லையா? ஓய்வு விஷயத்தில் ஓட்டக்காரர்கள் செய்யும் தவறுகள்

நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைத் துல்லியமாகக் குறித்து வைப்பார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினோம், மனசு எப்படி இருந்தது என்பதை அனேகமாக எழுதுவதே இல்லை. பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது.

ஓடும்போது உடல் வலுப்பெறுவதில்லை, தேய்கிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும், கிளைக்கோஜன் எனப்படும், உடலில் சேமித்து வைத்த சர்க்கரையின் இருப்பு கரையும். அதைச் சரிசெய்யும்போதுதான் உடல் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. அந்த வேலையைக் கெடுப்பது ஓட்டம் மட்டுமல்ல. 1936இல் உடல் அழுத்தத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிர், காயம், நஞ்சு, அளவு மீறிய உடலுழைப்பு என்று வெவ்வேறு சோதனைகளுக்கு உட்படுத்தினார். எல்லாவற்றுக்கும் உடல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டியது. வேலை நெருக்கடியும் பணக் கவலையும் அப்படித்தான். கடும் பயிற்சியில் சுரக்கும் அதே கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்தான் அப்போதும் சுரக்கிறது. அதனால் மோசமாகப் போன ஒரு வாரத்தில், அட்டவணையில் இருக்கிறதே என்று வேகப் பயிற்சியை விடாப்பிடியாக முடிப்பது வீரமல்ல. அதை மெதுவான ஓட்டமாக மாற்றிவிடுங்கள். திட்டம் ஒன்றும் பாழாகிவிடாது.

அடுத்து, மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாக ஓடாதது. என் பார்வையில் மிக அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். கைக்கடிகாரத்தில் வேகம் குறைவாகத் தெரிந்தால் பலருக்குப் பொறுக்காது. முழு வாக்கியமாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அது மெதுவான ஓட்டமே இல்லை. களைப்பு தீராமலே கடினமான நாள் வந்துவிடும், அன்றும் முழு வேகம் வராது.

அப்புறம், உடல் சொல்வதைத் தப்பாகப் படிப்பது. காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு சில நாட்களாக வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது, தூக்கம் கலைகிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, பழகிய வேகமே பாரமாக இருக்கிறது. இதைச் சோம்பல் என்று நினைத்துப் பயிற்சியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. அந்த நிலை முற்றினால் மீண்டுவர மாதக்கணக்கில் ஆகலாம். தயவுசெய்து அங்கேயே நிறுத்தி நாலைந்து நாள் ஓய்வெடுங்கள். பிறகும் சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும், எலும்புக்கு மாதங்கள் தேவை. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைத் தாறுமாறாக ஏற்றினால் கீழ்க்கால் எலும்பிலும் பாதத்திலும் நுண்விரிசல் விழலாம். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாமல் இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதைப் பயிற்சியின் இயல்பான விளைவு என்று விட்டுவிடவே கூடாது.

கடைசியாக, பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரப் பதற்றம். இந்தச் சமயத்தில் வாராந்திரத் தூரத்தை 40 முதல் 60 சதவீதம் குறைத்து, பந்தய வேகத்தில் சில குறுகிய ஓட்டங்களை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கால் கனப்பது போலத் தோன்றலாம், பயப்பட வேண்டாம். விட்டுப்போனதைப் பிடிக்கிறேன் என்று அப்போது ஓடும் 30 கிலோமீட்டரின் பலன் பந்தய நாளுக்குள் வந்து சேராது, களைப்பு மட்டும் சேர்ந்துவிடும்.