பார்வை திரும்பும் காதல் படத்துக்குக் கருத்து எழுதுவது எப்படி? முதன்முறை எழுதுகிறவர்களுக்கான செய்முறை

கட்டுப் பிரிக்கும் காட்சி நம் எல்லோருக்கும் மனப்பாடம். டாக்டர் கண்ணைச் சுற்றியிருக்கும் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்ப்பார். "மெதுவாகக் கண்ணைத் திறந்து பாருங்கள்" என்பார். முதலில் புகைபோல ஓர் உருவம், அடுத்த நொடி பளிச்சென்று காதலியின் முகம். வயலின்கள் எழும்பும். நாமும் கைக்குட்டையைத் தேடுவோம்.

1999-இல் வந்த 'அட் ஃபர்ஸ்ட் சைட்' என்ற அமெரிக்கப் படம் அந்தக் காட்சியோடு முடிய மறுத்தது. அதன் உண்மையான கதையே கட்டைப் பிரித்த பிறகுதான் தொடங்குகிறது. இர்வின் விங்க்ளர் இயக்கிய படம். வால் கில்மரும் மிரா சோர்வினோவும் நடித்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்த நாலு பேரைக் கேட்டால் கருத்து இரண்டாகப் பிரிந்துவிடும். "முதல் பாதி அழகு, ஆபரேஷனுக்குப் பிறகு இழுவை" என்பார்கள் சிலர். "அழுதுவிட்டேன்" என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பும் அந்த ஒற்றை வரியோடு நின்றுவிடுவதில் எனக்கு நெடுநாள் மனக்குறை. இந்தப் படம் அதைவிட அதிகமாக நம்மிடம் கேட்கிறது.

முதன்முறை பேனா பிடிக்கிறவரும் இப்படிப்பட்ட படத்துக்கு நியாயமான ஒரு கருத்தை எழுத முடியும். அந்த வழியை இந்தப் படத்தையே வைத்துச் சொல்கிறேன். முடிவு வரை பேசப் போகிறேன், ஆகவே கதை முன்கூட்டியே தெரியக் கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு மாலைப்பொழுது போதும்.

படி 1: முதல் முறை நேரத்தை மட்டும் குறியுங்கள்

முதல் முறை பார்க்கும்போது வாக்கியம் எழுத வேண்டாம். எழுதத் தொடங்கினால் கண் திரையை விட்டு நோட்டுக்கு வந்துவிடும். மனம் அசைந்த இடத்தில் நேரத்தைக் குறித்து ஒரு கூட்டல் குறி. கவனம் சிதறிய இடத்தில் ஒரு கழித்தல் குறி. அவ்வளவுதான்.

கதை சிறியது. ஏமி (மிரா சோர்வினோ) நியூயார்க்கில் கட்டட வடிவமைப்பாளர். களைப்பு தீர ஊருக்கு வெளியே ஓர் ஓய்வு விடுதிக்குப் போகிறாள். அங்கே மசாஜ் செய்கிறவன் விர்ஜில் (வால் கில்மர்). மூன்று வயதிலிருந்து அவனுக்குப் பார்வை இல்லை. காதல் மலர்கிறது. ஏமி ஒரு கண் டாக்டரைத் தேடிப் பிடிக்கிறாள். ஆபரேஷன் நடக்கிறது, பார்வை வருகிறது. சில காலம் கழித்து அது கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி போகிறது.

என் நோட்டில் மழைக் காட்சிக்கு நேராக மூன்று கூட்டல் குறிகள் இருக்கின்றன. ஏமியின் முன்னாள் கணவன் வரும் இடங்களில் வரிசையாகக் கழித்தல்.

படி 2: அன்றிரவே ஐந்து வரி

தூங்கப் போகும் முன் ஐந்து வரி எழுதிவிடுங்கள். நடையைப் பற்றிக் கவலை வேண்டாம். மறுநாள் மற்றவர்களின் கருத்தைப் படித்துவிட்டால் உங்கள் கருத்து எது, அவர்களுடையது எது என்று பிரிக்க முடியாது.

படி 3: 'இழுவை' என்று எழுதும் முன் உண்மைக் கதையைப் படியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

விர்ஜில் முழுக்கக் கற்பனை அல்ல. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 1993-இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் படம் பிறந்தது. அவர் விர்ஜில் என்று பெயர் மாற்றிக் குறிப்பிட்ட மனிதர் ஓக்லஹோமாவில் வாழ்ந்தவர், ஐம்பது வயதுக்காரர், மசாஜ் செய்து பிழைத்தவர். சிறு வயதிலேயே கண்புரையும் விழித்திரைக் கோளாறும் சேர்ந்து பார்வையைப் பறித்திருந்தன. 1991 செப்டம்பரில், திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது.

கட்டைப் பிரித்ததும் அவர் கண்டது முகம் அல்ல. ஒளியும் அசைவும் நிறமும் கலந்த ஒரு குழப்பம். அதிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான், எதிரே இருக்கும் குழப்பம் டாக்டரின் முகம் என்று அவருக்கு விளங்கியது.

அதன் பின் வந்த வாரங்களைப் பற்றி சாக்ஸ் எழுதியதை ஒருமுறை படித்தால் மறக்காது. வீட்டுப் பூனையின் காது தெரிகிறது, வால் தெரிகிறது, பாதம் தெரிகிறது, பூனை மட்டும் தெரியவில்லை. படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியவில்லை. ஒரே தளத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட கோடுகளாகத் தெரிகிறது. காலை எங்கே வைப்பது? முகச்சவரம் செய்வதை எண்ணிப் பாருங்கள். இத்தனை ஆண்டு கையால் தடவித் தடவி அழகாகச் செய்த வேலை. கண்ணாடி முன் நின்றதும் கை தயங்குகிறது, முகத்தை உற்றுப் பார்க்கிறார், பிளேடு நிற்கிறது. கடைசியில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டியோ விளக்கை அணைத்துவிட்டோ பழையபடி விரலை நம்பிச் சவரம் செய்கிறார்.

பார்ப்பதும் கற்க வேண்டிய ஒன்றுதான். நாம் அதைத் தொட்டிலில் கிடந்தபோதே கற்றுவிட்டதால் கற்றதே நினைவில்லை. நடுவயதில் பார்வை போய்த் திரும்பக் கிடைத்தவருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இருக்காது, ஏனென்றால் உலகம் எப்படித் தெரியும் என்ற நினைவு அவருக்குள் சேர்ந்திருக்கும். குழந்தைப் பருவத்திலேயே இழந்தவருக்கு அந்தக் கையிருப்பு இல்லை. உங்கள் கருத்தில் இந்த வேறுபாட்டை ஒரு வரியிலாவது சொல்லுங்கள்.

கேள்வி பழையது. கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டே பழகிய ஒருவருக்குப் பார்வை வந்தால், தொடாமல் எது எதுவென்று சொல்வாரா என்று அயர்லாந்தின் வில்லியம் மோலினோ 1688-லேயே தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார். இதற்கான முறையான சோதனை ஒன்று நம் நாட்டில் நடந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில், 8 முதல் 17 வயதுக்குள் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற சில பிள்ளைகளிடம் விளையாட்டுக் கட்டைகள் போன்ற உருவங்களைத் தொடக் கொடுத்துச் சோதித்தார்கள். தொட்ட பொருளைக் கண்ணால் அடையாளம் காணப் பிள்ளைகளால் உடனே முடியவில்லை. சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். முடிவு 2011-இல் வெளியானது.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் நோட்டுக்குத் திரும்புங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கழித்தல் குறிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விர்ஜில் தடுமாறுவதால் சலித்தீர்களா, அல்லது காட்சி உண்மையிலேயே பலவீனமானதா? எனக்கு இப்போது இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. தடுமாற்றக் காட்சிகள் இருக்க வேண்டிய வேகத்தில்தான் இருக்கின்றன. நேதன் லேன் நடிக்கும், பார்க்கக் கற்றுத்தரும் பயிற்சியாளர் பாத்திரம் அந்தப் பகுதிக்கு நல்ல துணை. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. முன்னாள் கணவனைக் கொண்டுவந்து வழக்கமான முக்கோணத்தைப் புகுத்துகிறார்கள். பார்வை மறுபடி போகும் பகுதியை அவசர அவசரமாகக் கடந்து இருவரையும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். படம் எதைப் பொறுமையாகக் காட்ட வந்ததோ, அதற்குக் கடைசியில் பொறுமை இல்லை. என் குறை இதுதான்.

ஒப்பிட ஒரு படம் வேண்டுமென்றால் 1931-இல் வெளிவந்த சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' போதும். பூக்காரப் பெண்ணுக்குப் பார்வை வருவதை அவர் காட்டவே இல்லை. அடுத்து நாம் காணும்போது அவள் கடையே வைத்துவிட்டாள். ஆனால் தன் சிகிச்சைக்குப் பணம் தந்த நாடோடி எதிரே நின்றும் அவள் கண் அவனை அடையாளம் காணவில்லை. அவன் கையைத் தொட்டதும் அவள் கைதான் கண்டுகொள்கிறது. மற்ற எல்லாவற்றையும் தாண்டிப்போன சாப்ளின் இந்த ஓர் உண்மையை மட்டும் விடவில்லை.

படி 4: பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்

இரண்டாவது மாலையில் மழைக் காட்சியைத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். மழைக்கு ஒதுங்கிய இடத்தில், சத்தத்தை வைத்தே சுற்றியிருப்பதை எப்படி அறிவது என்று ஏமிக்கு விர்ஜில் சொல்லித் தரும் காட்சி அது.

எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா இருக்கிறார். வங்கியில் தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவரோடு உட்கார்ந்துதான் இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். வசனத்தைத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. மழை தொடங்கியதும் திரையில் இருப்பதை விவரிக்க வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "பேசாதே தம்பி, கேட்கட்டும்."

காட்சி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நம் மாடியில் விழும் மழை ஒரு மாதிரி, எதிர்வீட்டுத் தகரத்தில் விழுவது ஒரு மாதிரி, கோடியில் இருக்கும் வேப்பமரத்தில் விழுவது ஒரு மாதிரி. மழை வந்தால்தான் நம் தெரு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்."

ஆபரேஷன் பேச்சு வந்ததும் கேட்டார்: "கண் வேண்டும் என்று அவன் கேட்டானா, அவள் கேட்டாளா?"

இந்தக் கேள்வியை உங்கள் நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். ஆர்வம் ஏமியுடையது, விர்ஜில் இசைந்து போகிறான். சாக்ஸின் கட்டுரையிலும் அறுவையை விரும்பி முன்னெடுத்தவர் மணப்பெண்தான். விர்ஜிலுக்குப் பெரிய விருப்பமோ மறுப்போ இருந்ததாகத் தெரியவில்லை. ஒருவரை அப்படியே நேசிப்பதும், அவருக்கு நல்லது என்று நாம் நினைப்பதை அவர்மேல் ஏற்றுவதும் எங்கே பிரிகின்றன என்பதைத்தான் இந்தக் காதல் கதை கேட்கிறது. படம் இதற்கு நேராக விடை சொல்லவில்லை. நீங்கள் சொல்லலாம்.

படி 5: நடிப்பை வினைச்சொல்லால் எழுதுங்கள்

"கில்மர் வாழ்ந்திருக்கிறார்" என்றால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அவர் ஏமியின் பக்கம் திருப்புவது கண்ணையா, காதையா? பார்வை வந்த பிறகு கை என்ன செய்கிறது? கண்டதை எழுதுங்கள்.

படி 6: ஒரு பத்தி எழுதிப் பழகுங்கள்

நான் முதலில் எழுதியது இது:

"முதல் பாதி கவிதை. இரண்டாம் பாதி தொய்வு. நாயகன் நடிப்பு அருமை. ஒருமுறை பார்க்கலாம்."

மேலே சொன்ன படிகளைக் கடந்து எழுதியது இது:

"கண் கிடைத்த அன்றே உலகமும் கிடைத்துவிடும் என்று ஏமி நம்புகிறாள், நாமும் அவளோடு நம்புகிறோம். விர்ஜில் தடுமாறும்போது அவளுக்கு வரும் பொறுமையின்மை நமக்கும் வருகிறது. அந்தப் பொறுமையின்மையை நம்மிடமே காட்டிக்கொடுத்தது படத்தின் வெற்றி. கடைசி அரை மணியில் அதைக் கைவிட்டு எல்லோரையும் சமாதானப்படுத்தக் கிளம்பியது அதன் தோல்வி."

நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாவதை ஒருவர் மறுக்க முடியும், அதனால் ஓர் உரையாடல் தொடங்க முடியும். இப்படி மூன்று நான்கு பத்திகள் சேர்ந்தால் உங்கள் கருத்து தயார். கதைச் சுருக்கம் நான்கு வரியைத் தாண்ட வேண்டாம். நட்சத்திரம் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

படி 7: சொற்களைச் சலித்து, ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதும்போது கை தானாகச் சில சொற்களை எடுக்கும். 'குருடன்' என்று இன்று பெரும்பாலும் எழுதுவதில்லை; பார்வையற்றவர், பார்வை மாற்றுத்திறனாளி என்று எழுதுகிறோம். ஆனால் 'ஒளியற்ற வாழ்க்கை', 'இருளில் தவிக்கும் உள்ளம்' போன்றவை இன்னும் நுழைந்துவிடுகின்றன. முடிந்தால் பார்வையற்ற ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். யாரும் இல்லையென்றால் உரக்கப் படித்து நீங்களே கேளுங்கள்.

நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "மீண்டும் பார்வை போனபோது விர்ஜிலின் வாழ்க்கை இருண்டது" என்ற வரியில் நிறுத்தச் சொன்னார்.

"இருண்டது என்றால் எப்படித் தம்பி? எனக்கு இருட்டும் தெரியாது, வெளிச்சமும் தெரியாது. அவனுக்கு எது போயிற்று என்று சொல்."

அந்த வரியை அடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஏமியின் முகத்தை அவன் இனிப் பார்க்க முடியாது" என்று எழுதி வாசித்தேன்.

"ஆமாம், இது போயிற்று" என்றார் அக்கா. "அடுத்ததை வாசி."