கேண்டி கிரஷ்ஷில் கலர் பாமை இப்படி வீணாக்காதீங்க

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் யாராவது ஒருவர் செல்போனில் கேண்டி கிரஷ் என்கிற மிட்டாய் சேர்க்கும் விளையாட்டைத் திறந்திருப்பார். ஐந்து லைஃப், அதாவது லெவல் தோற்றால் ஒவ்வொன்றாகப் போகிற வாய்ப்பு, முழுசாக இருக்கும். கிணத்துக்கடவு வரும்போது ஒன்றுகூட மிச்சமிருக்காது. போன லைஃப் ஒன்று திரும்ப வர 30 நிமிடம், ஐந்தும் நிரம்ப இரண்டரை மணி நேரம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டீ டைமுக்கு ஆடுகிறவர்களிடமும் இதே கதைதான். 2012-இல் வந்த விளையாட்டு இது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்களும் அன்றைக்கு எல்லோரும் செய்த அதே தவறுகளில்தான் லைஃபை விடுகிறார்கள்.

ஒரே கலர் மிட்டாய் நேராக நாலு சேர்ந்தால் கோடு போட்ட ஸ்ட்ரைப் மிட்டாய், எல் அல்லது டி வடிவில் ஐந்து சேர்ந்தால் பொட்டலம் கட்டிய மிட்டாய், நேர்கோட்டில் ஐந்து சேர்ந்தால், மாற்றுகிற மிட்டாயின் கலரையே மொத்தமாக உடைக்கிற கலர் பாம். இது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே உள்ளதைப் பார்க்கலாமுங்க.

போர்டைப் பார்க்காமல் முதல் மூவ்

லெவல் திறந்ததும் விரல் தானாக ஓடிவிடுகிறது. முதல் மூவ் போடாமல் வெளியே வந்தால் லைஃப் குறையாது. அதனால் நிதானமாக இரண்டு விஷயம் பாருங்கள்: எத்தனை கலர் இருக்கிறது, மூலைகளில் என்ன இருக்கிறது. நாலு கலர் என்றால் ஸ்பெஷல் மிட்டாய்கள் தாராளமாக வரும். ஆறு கலர் என்றால் ஒவ்வொன்றையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

கலர் பாம் வந்த கையோடு உடைப்பது

பார்க்கப் பார்க்க வயிறு எரிகிற தவறு இதுதான். பல்லடம் போகிற பஸ்ஸில் ஒரு பையன், 30 மூவ் லெவலில் ஏழாவது மூவிலேயே கலர் பாம் செய்துவிட்டான். அருமையான ஆட்டம். அடுத்த நொடியே அதைப் பக்கத்தில் இருந்த சாதாரண நீல மிட்டாயோடு இழுத்துவிட்டான். நீலமெல்லாம் போயிற்று. லெவல் ஜெயிக்க உடைக்க வேண்டிய ஜெல்லியில் மூலையில் இருந்தது ஒன்றுகூட அசையவில்லை. கடைசியில் இரண்டு ஜெல்லி பாக்கி நின்று லெவல் தோற்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு போர்டு 9-க்கு 9, மொத்தம் 81 கட்டம். ஆறு கலர் என்றால் ஒரு கலருக்குச் சுமார் 13 மிட்டாய். சாதாரண மிட்டாயோடு சேர்த்தால் அந்த 13 மட்டும், அதுவும் போர்டெங்கும் சிதறிக் கிடக்கிற 13. அதே பாமை ஸ்ட்ரைப் மிட்டாயோடு சேர்த்தால், அந்தக் கலரில் உள்ள 13-ம் ஸ்ட்ரைப்பாக மாறி, ஒவ்வொன்றும் ஒரு முழு வரிசையையோ நெடுக்கையோ அடிக்கும். மூலை, ஓரம் எல்லாம் அடி வாங்கும். செலவு இரண்டிலும் ஒரே ஒரு மூவ்தான்.

"வெச்சிருந்தா போயிடுமேங்க" என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. கலர் பாமுக்குக் கலர் கிடையாது, தானாக மேட்ச் ஆகவே ஆகாது. ஸ்ட்ரைப்போ பொட்டலமோ வெடிக்கிற வழியில் அது நின்றால்தான் ஆபத்து. அப்போது அதுவும் சேர்ந்து வெடித்து, தனக்குத் தோன்றிய ஒரு கலரை எடுத்துக்கொள்ளும். அதனால் பாம் இருக்கிற வரிசையையும் நெடுக்கையும் மட்டும் ஸ்ட்ரைப்பால் அடிக்காதீர்கள்.

பாமைப் பக்கவாட்டில் நகர்த்த முடியாது. எந்த மிட்டாயோடு மாற்றினாலும் வெடித்துவிடும். ஸ்ட்ரைப்பைத்தான் அதனிடம் கொண்டுவர வேண்டும், அதற்கு இரண்டு வழி. ஒன்று, உயரத்தைச் சரிசெய்வது: ஸ்ட்ரைப்புக்குக் கீழே படுக்கையாக மூன்று உடைத்தால் அது ஒரு கட்டம் இறங்கும், அதே நெடுக்கில் நிமிர்ந்த மூன்று உடைத்தால் மூன்று கட்டம் இறங்கும். இரண்டு, பக்கவாட்டில் தள்ளுவது: ஸ்ட்ரைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற மிட்டாய் ஸ்ட்ரைப்பின் இடத்துக்கு வந்தால் மூன்று சேருமா என்று பாருங்கள். சேர்ந்தால் இரண்டையும் மாற்றுங்கள், ஸ்ட்ரைப் உடையாமல் ஒரு கட்டம் தள்ளிப் போகும்.

"எப்பவும் கீழேயே ஆடு" என்று சொல்லிக்கொடுப்பார்கள். மேலிருந்து நிறைய புது மிட்டாய் விழும் என்பதால் ஆரம்பத்தில் அது சரி. பாமும் ஸ்ட்ரைப்பும் நெருங்கி வரும் நேரத்தில் கீழே கைவைத்தால், ஒன்று இறங்கி மற்றொன்று நின்று, சேர்ந்துவந்த ஜோடி கலைந்துவிடும். அப்போது அவற்றுக்கு மேலே ஆடுங்கள்.

பாமைச் சாதாரண மிட்டாயோடு உடைக்கலாம் என்கிற நேரமும் உண்டு. கடைசி இரண்டு மூன்று மூவ்தான் பாக்கி, ஸ்ட்ரைப் கண்ணுக்கெட்டின தூரத்தில் இல்லை என்றால் உடையுங்கள். மூவுக்கு மூவ் எண் இறங்குகிற டைம் பாமில் எண் 1-க்கு வந்துவிட்டது என்றால், அந்த டைம் பாமின் கலரோடு சேர்த்து உடனே உடையுங்கள். ஏழாவது மூவில் இதில் எதுவுமே கிடையாது.

ஸ்ட்ரைப் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்க்காதது

படுக்கையாக நாலு சேர்க்க ஒரு மிட்டாயை மேலிருந்தோ கீழிருந்தோதான் கொண்டுவர முடியும். விரல் போன திசையில்தான் கோடு விழும். ஆகவே படுக்கையாகச் சேர்த்த நாலு, நெடுக்கை அடிக்கிற ஸ்ட்ரைப் தரும். நிமிர்த்திச் சேர்த்த நாலு, வரிசையை அடிக்கும். நேர்மாறாக நினைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு ஸ்ட்ரைப்பை ஒன்றோடொன்று மாற்றினால், இரண்டும் நெடுக்குக் கோடாகவே இருந்தாலும் ஒரு வரிசையும் ஒரு நெடுக்கும் சேர்ந்து அடிபடும். முழு போர்டில் அது 17 கட்டம். ஸ்ட்ரைப்போடு பொட்டலம் சேர்ந்தால் மூன்று வரிசை, மூன்று நெடுக்கு, மொத்தம் 45 கட்டம். பாதி போர்டுக்கு மேல்.

மூலை ஜெல்லியைக் கடைசிக்கு விடுவது

நடுவில் இருக்கிற கட்டத்தை மூன்றாகச் சேர்க்க ஆறு வழி. மூலைக் கட்டத்துக்கு இரண்டே வழி. இரட்டை ஜெல்லி என்றால் அங்கே இரண்டு தடவை உடைக்க வேண்டும். மூலையை முதலில் பாருங்கள், நடு ஜெல்லி போகிற போக்கில் உடையும்.

சாக்லேட்டைச் சும்மா விடுவது

சாக்லேட் என்பது போர்டில் கட்டத்தை அடைக்கிற தடை. ஒரு மூவில் ஒரு சாக்லேட்கூட உடையவில்லை என்றால், அந்த மூவ் முடிந்ததும் அது ஒரு கட்டம் பரவும். ஒன்றை உடைத்தாலே போதும், அந்த முறை பரவாது.

மினுக்குகிற மிட்டாயை நம்புவது

விளையாட்டே மினுக்கிக் காட்டுவது போட முடிகிற ஒரு மூவ். நல்ல மூவ் அல்ல.

தோற்கும்போது விளையாட்டுக்குள் காசு மாதிரி இருக்கிற தங்கக் கட்டி கொடுத்து ஐந்து மூவ் வாங்குவது

ஒரே ஒரு ஜெல்லி பாக்கி, அது மூலையில் இல்லை, அருகில் ஸ்ட்ரைப் தயாராக இருக்கிறது என்றால் வாங்குங்கள். வேறு எப்போதும் வேண்டாமுங்க.