இறுவட்டின் மேலேயே நேராக அச்சிடுவது எப்படி?

கல்யாணம், சாமத்தியவீடு, பரதநாட்டிய அரங்கேற்றம் என்று எதை வீடியோ எடுத்தாலும், இறுவட்டாகவும் (சிடி, டிவிடி) ஒரு பிரதி வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் கொழும்பில் இன்னும் இருக்கின்றன. அந்த இறுவட்டில் தயவுசெய்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் சுழலும்போது வட்டு ஆடும். வெக்கையில் பசை இளகி டிரைவுக்குள்ளேயே கழன்றுவிடும். சிடியில் தகவல் பதியும் அடுக்கு மேற்பக்கத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்தால் அதுவும் சேர்ந்து உரியலாம். நேராக அச்சிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, பார்க்கவும் அழகு.

முதலில் வட்டு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகளில் 'இங்க்ஜெட் பிரிண்டபிள்', அதாவது மை தெளித்து அச்சிடும் பிரிண்டருக்கான வட்டு, என்று கேளுங்கள். மேற்பக்கம் வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது. வெப்பத்தால் அச்சிடும் தெர்மல் பிரிண்டருக்கான வட்டும் வெள்ளைதான், ஆனால் அதில் மை காயாது. உறையில் இங்க்ஜெட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லா பிரிண்டரிலும் இது முடியாது. வட்டு வைக்கும் ட்ரே உள்ள மாடல் வேண்டும். எப்சன் எல்805, எல்8050 போன்றவற்றில் அது உண்டு.

அடுத்தது, வீடியோவை முதலில் பதிவு செய்து, ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அச்சிடுவது அதற்குப் பிறகுதான். முன்னரே அச்சிட்டால் கையில் எடுத்து வைக்கும்போது படும் விரல் ரேகையும் தூசியும் பதிவைக் கெடுக்கலாம்.

இனி வடிவமைப்பு. தமிழில் பெயர் போடுகிறவர்கள் இங்கேதான் அதிகம் திண்டாடுகிறார்கள். பிரிண்டரோடு வரும் மென்பொருளில் நேராகத் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும். பாமினி எழுத்துருவில் செய்த பழைய வடிவமைப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றுமே புரியாது. அதனால் ஃபோட்டோஷாப் போன்ற ஒன்றில் முழு வடிவமைப்பையும் செய்து, படமாகச் சேமித்து, அந்தப் படத்தை மட்டும் அச்சு மென்பொருளுக்குள் கொண்டுவாருங்கள். வட்டின் விட்டம் 120 மில்லிமீற்றர். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அது ஏறத்தாழ 1417 பிக்சல். சதுரமாகச் செய்தால் போதும், வட்டமாக மென்பொருளே வெட்டிக்கொள்ளும். மணமக்களின் முகம் நடு ஓட்டைக்குள் போகாதபடி படத்தை ஒரு பக்கம் தள்ளி வையுங்கள்.

அப்புறம் அளவு. உள் விட்டம், வெளி விட்டம் என்று மென்பொருளில் இரண்டு எண்கள் கேட்கும். கையிலுள்ள வட்டின் வெள்ளைப் பகுதியை அடிமட்டத்தால் அளந்து, உள்ளே ஒரு மில்லிமீற்றர் கூட்டியும் வெளியே ஒரு மில்லிமீற்றர் குறைத்தும் போடுங்கள். வெள்ளைக்கு வெளியே பிளாஸ்டிக்கில் விழும் மை காயாமல் ட்ரேயில் ஒட்டி, அடுத்த வட்டையும் அழுக்காக்கும்.

சரி, அச்சிடலாம். வெள்ளைப் பக்கம் மேலே வர வட்டை ட்ரேயில் வையுங்கள். பிரிண்டர் இயங்கி அடங்கிய பிறகு, ட்ரேயிலும் பிரிண்டரிலும் உள்ள குறிகள் நேராக வரும்வரை மெல்லச் செருகுங்கள். இறுகினால் அழுத்த வேண்டாம், எடுத்து மறுபடி செருகுங்கள். காகித வகையில் சிடி/டிவிடி என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பதிவில் பழுதான பிரிண்டபிள் வட்டு ஒன்று இருந்தால் முதலில் அதில் அச்சிட்டுப் பாருங்கள். படம் ஒரு பக்கம் சாய்ந்தால் மென்பொருளிலேயே இடத்தைத் திருத்தலாம்.

வெளியே எடுத்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். வெயில் படாத இடத்தில் 24 மணிநேரம் விட வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஈரக்காற்றில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுவது நல்லது. நாளைக்குக் கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் இன்று காலையே அச்சிட்டுவிடுங்கள். காய்ந்த பிறகும் சாதாரண பிரிண்டபிள் வட்டில் தண்ணீர் பட்டால் மை கலங்கும். ஆகவே காகித உறையில் போடாமல் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுங்கள்.