போஸ்ட்பெய்டு திட்டத்திலிருந்து நம்பரோடு வெளியே வருவது எப்படி?

எங்கள் வீட்டில் நான்கு நம்பர். நான்கும் அப்பா பெயரில், ஒரே குடும்பத் திட்டத்தில் இருந்தன. சேரும்போது சொன்ன விலை 999 ரூபாய். பில்லில் வந்தது 1,178 ரூபாய் 82 காசு, ஏனென்றால் போஸ்ட்பெய்டு வாடகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி தனி. ப்ரீபெய்டு ரீசார்ஜில் போட்டிருக்கும் விலைக்குள்ளேயே வரி அடங்கிவிடும். இரண்டையும் ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள். நான் மூன்று வருடம் மறந்திருந்தேன். இது போக, கூடுதல் நம்பருக்குத் தனி வாடகை, வீட்டில் யாரும் பார்க்காத ஒரு ஓடிடி சந்தா, அப்பா யாருக்கோ போன் பண்ணும்போது தெரியாமல் நட்சத்திரக் குறியை அழுத்தி வாங்கி வைத்த காலர் ட்யூன். மாதம் இரண்டாயிரத்தைத் தொட்டதும்தான் உறைத்தது.

நம்பரை மாற்ற முடியாது. வங்கி, ஆதார், கேஸ், எல்ஐசி எல்லாம் அதில்தான். ஆகவே நம்பர் அப்படியே இருக்க வேண்டும், திட்டம் மட்டும் போக வேண்டும். சில நாளில் முடிகிற வேலை எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஆப்பில் தெரியும் சுருக்கம் போதாது, முழு பிடிஎஃப் வேண்டும். அதில் பில் போடும் தேதி, கட்டக் கடைசித் தேதி இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஃபேன்சி நம்பர், கைபேசியோடு சேர்ந்து வந்த திட்டம் மாதிரி ஏதாவது வாங்கியிருந்தால், இத்தனை மாதம் இருப்பேன் என்று ஒப்பந்தம் இருக்கும். அதை முடிக்காமல் நம்பர் நகராது. வங்கியில் இஎம்ஐ போட்டு வாங்கிய போன் வேறு கதை. அது வங்கிக் கடன், சிம் மாறினாலும் தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

காலர் ட்யூன் வகையறாவை நிறுத்த 155223 என்ற எண் எல்லா நிறுவனத்துக்கும் பொது. காசு கிடையாது.

2. நிறுவனத்தை மாற்றத்தான் வேண்டுமா?

சிக்னல் நன்றாக இருந்து, பில் மட்டும்தான் தலைவலி என்றால் அதே நிறுவனத்திலேயே ப்ரீபெய்டுக்கு மாறிவிடலாம். 2021-இல் இருந்து ஓடிபி மூலமே செய்ய வழி இருக்கிறது, சிம்கூட மாற்ற வேண்டாம். எங்களுக்குச் சமையலறையில் டவரே கிடைக்காது என்பதால் நிறுவனத்தையே மாற்றினோம்.

போஸ்ட்பெய்டிலிருந்து நேராக இன்னொரு நிறுவனத்தின் ப்ரீபெய்டுக்குப் போகலாம். பலர் முதலில் இங்கே ப்ரீபெய்டு ஆகி, பிறகு அங்கே போகிறார்கள். தேவையில்லாத சுற்று.

ஒரு நிறுவனத்துக்குள் வந்தால் 90 நாள் அங்கேதான் இருந்தாக வேண்டும், அதற்கு முன் மறுபடி மாற முடியாது. அதனால் புது நிறுவனத்தின் சிக்னலை முன்பே சோதியுங்கள். கவரேஜ் வரைபடத்தை நான் நம்புவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் போனைக் கடன் வாங்கி, அடுப்படியிலும் மாடிப்படிக்கு அடியிலும் நின்று பேசிப் பார்த்தேன். அதைவிட நல்ல கருவி கிடையாது.

3. 1900-க்கு எஸ்எம்எஸ் (என்னைக் கவிழ்த்தது இதுதான்)

செய்ய வேண்டியது சின்ன வேலை. பி, ஓ, ஆர், டி என்ற நான்கு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு உங்கள் பத்து இலக்க நம்பர். அந்த நம்பரிலிருந்தே 1900-க்கு அனுப்ப வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் எட்டு இடம் உள்ள ஒரு குறியீடு பதிலாக வரும். யுபிசி என்பார்கள், நம்பரைப் புது நிறுவனத்துக்குக் கொண்டுபோக இதைத்தான் அங்கே கொடுக்க வேண்டும். அது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எனக்கு வரவில்லை. நிலுவை இருக்கிறது என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு நாளும் பில் தவறியதில்லை, ஆட்டோபே போட்டு வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், "உங்கள் கணக்கில் நிலுவை காட்டுது மேடம்" என்பதையே மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஏன் காட்டுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். எங்களுக்கு பில் போடுவது 4-ஆம் தேதி. ஆட்டோபே பணம் எடுப்பது 20-ஆம் தேதி. நான் 6-ஆம் தேதி எஸ்எம்எஸ் அனுப்பினேன். விண்ணப்பிப்பதற்கு முன் போட்ட பில் எதுவானாலும் அது கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. கடைசித் தேதி இன்னும் வரவில்லையே என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆட்டோபே இருப்பதால் எல்லாம் கட்டியாயிற்று என்று நினைத்தது என் தப்பு. ஒவ்வொரு மாதமும் 4 முதல் 20 வரை நாங்கள் பாக்கிதாரர்கள்தான்!

அடுத்த மாதம் பில் வந்த அன்றே கையால் கட்டினேன். கணக்கில் ஏற ஒரு நாள் பொறுத்தேன். ஆப்பில் நிலுவை பூஜ்யம் என்று வந்ததும் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு எஸ்எம்எஸ் அனுப்பினேன். உடனே குறியீடு வந்தது. ஆக, பில்லைக் கட்டிய மறுநாளிலிருந்து அடுத்த பில் வருவதற்குள் என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஆட்டோபேயை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள், அதன் வேலை இன்னும் முடியவில்லை.

குடும்பத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அம்மாவின் நம்பருக்குத் தனி பில் வராது, ஆனால் அப்பாவின் கணக்கில் பாக்கி இருந்தால் அம்மாவின் நம்பரும் மாட்டிக்கொள்ளும். குறியீடு ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். முதன்மை நம்பரைக் கடைசியாக நகர்த்துங்கள். அது முதலில் போனால் மீதி நம்பர்களுக்கு என்ன வாடகை போடுவார்கள் என்பது அவர்கள் கையில்.

அம்மாவின் போனில் இரண்டு சிம். எஸ்எம்எஸ் இரண்டாவது சிம்மிலிருந்து போய்க்கொண்டிருந்தது, நான் பத்து நிமிஷம் பதிலுக்குக் காத்திருந்தேன். நீங்கள் அனுப்பும் முன் எந்த சிம் என்று பாருங்கள்.

குறியீட்டுக்கு ஆயுள் நான்கு நாள்தான். நான் நான்கையும் ஒரு வியாழக்கிழமை வாங்கி வைத்தேன். அப்பா கும்பாபிஷேகத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது நான்கும் காலாவதி. மறுபடி வாங்கலாம், அபராதம் எதுவும் இல்லை. ஆனால் கடைக்குப் போகிற நாளை முடிவு செய்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். இந்தக் குறியீட்டை வாட்ஸ்ஆப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

4. கடை

வீட்டுக்கே வந்து சிம் தருகிறோம் என்பார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கையில் வைத்திருக்கும் திட்டத்தைத்தான் தலையில் கட்டுவார்கள். புது நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போங்கள். நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாரோடு நேரில் வர வேண்டும், போட்டோவும் எடுப்பார்கள். "ப்ரீபெய்டுதான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைத் தம்பி எங்களிடம், "அக்கா, போஸ்ட்பெய்டிலேயே ஆஃபர் இருக்கு" என்று ஆரம்பித்தான். தப்பித்து வந்ததே அதிலிருந்துதான் தம்பி என்றேன்.

அப்பா, அம்மாவுக்கு டேட்டாவே வேண்டாம், வீட்டில் வைஃபை இருக்கிறது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. ஆப்பில் அதைத் தேடினால் எங்கோ அடியில் கிடக்கும். கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பித்த பிறகு மனசு மாறினால் 24 மணி நேரத்துக்குள் 1900-க்கே ரத்து எஸ்எம்எஸ் அனுப்பலாம். சி, ஏ, என், சி, இ, எல், இடைவெளி, நம்பர். பழைய நிறுவனத்திலிருந்து பாதி விலைக்குத் தருகிறோம் என்று எனக்கு அழைப்பு வந்தது. மூன்று வருடமாக அந்த விலை எங்கே இருந்தது என்று கேட்டேன், வைத்துவிட்டார்கள்.

நம்பர் மாற, ஒரே தொலைபேசி வட்டத்துக்குள் (தமிழ்நாடு ஒன்று, கர்நாடகா ஒன்று என்பது மாதிரி) மூன்று வேலை நாள், வேறு வட்டத்துக்கு ஐந்து. என் தம்பியின் நம்பர் பெங்களூரில் வாங்கியது, அதனால் அவனுக்குத்தான் கடைசியாக வந்தது. மாறுகிற நேரத்தில் சில மணி நேரம் போன் செத்துப்போகும். அன்றைக்கு வங்கி ஓடிபி தேவைப்படும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். புது சிம் போட்டதும் ஜிபே, போன்பே எல்லாம் நம்பரை மறுபடி சரிபார்க்கச் சொல்லும்.

5. கடைசி பில்

கடைசி பில்லுக்கும் நீங்கள் கிளம்பிய நாளுக்கும் இடையிலான சில நாள் கணக்கு ஒன்று பாக்கி இருக்கும். எங்களுக்கு அது மின்னஞ்சலில் வந்தது, எஸ்எம்எஸ் வரவில்லை. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். பழைய நிறுவனம் முறையிட்டால் புது நிறுவனம் உங்கள் நம்பரையே நிறுத்த வேண்டியிருக்கும். கட்டி, ரசீதை வைத்துக்கொண்டு, அப்புறம் யுபிஐ ஆப்பில் போய் ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள்.

பின்சேர்க்கை (படித்தவர்கள் கேட்டதால்)

சிம் தொலைந்து புது சிம் வாங்கிய மூன்றாம் நாளே ஒருவர் முயன்றிருக்கிறார், குறியீடு வரவில்லை. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி ஏழு நாள் ஆகாமல் குறியீடு தரமாட்டார்கள். நம்பர் திருடர்களைத் தடுக்க வந்த விதி. எட்டாம் நாள் அனுப்புங்கள்.

அலுவலகம் கொடுத்த நம்பர் என்றால் அந்த அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். இறந்துபோன கணவரின் பெயரில் உள்ள நம்பரைப் பற்றி ஒரு அம்மா கேட்டிருந்தார். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து அது நிலுவையில் இருக்கும்போது நம்பர் நகராது. பெயர் மாற்றம் முழுதாக முடிந்த பிறகு 1900-க்கு வாருங்கள்.

எல்லாம் கட்டியும் நிலுவை என்றே காட்டுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வாயால் சண்டை போட வேண்டாம். புகார் எண் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை. அதில் ஒருவருக்குப் பூஜ்யம் நிலுவைப் படத்தைச் சேர்த்து எழுதிய மறுநாளே குறியீடு கிடைத்துவிட்டதாம். இன்னொருவர் இன்னும் காத்திருக்கிறார்.